இருபத்துமூன்றாம் நாள் தண்ணீர்

"வெள்ளவத்தை வாழ் பெருங்குடி மக்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல். கடந்த ஒன்பது நாட்களாகக் காணாமற் போயிருந்தவரும், கால்வாய்க் கரையின் மூத்த பிரஜையுமான தலைவர் கபரகொய்யா அவர்கள், இன்று காலை ஆறு மணி பத்து நிமிடமளவில் பாலத்துக்குக் கீழே, வாயில் ஒரு மீன் தலையுடன் மீண்டும் காட்சியளித்தார் என்பதை ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம். வால் நலமாக உள்ளது."

இதை நான் ஷெரினுக்கு அனுப்பினேன். ஐந்து நாட்களாக என் செய்திகளுக்கு அவளிடமிருந்து பதில் இல்லை. கோபம் என்று நினைத்திருந்தேன். தலைவர் அந்தப் பாலத்தடியில் வாழும் ஒரு பெரிய நீருடும்பு. பெயர் வைத்தவளே ஷெரின்தான். எனவே இதற்காவது ஒரு திட்டு வரும் என்று ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வந்தது. "நிரோ, நான் அவவின்ட அண்ணா. தங்கச்சி இண்டைக்குக் காலமை போயிட்டா. டெங்கு. அஞ்சு நாளாய் ஆஸ்பத்திரியில இருந்தவ."

இரண்டு நாள் கழித்துக் கொட்டாஞ்சேனையில் அவளுடைய வீட்டு மதிலில் மரண அறிவித்தல், அவளின் படத்துடன். கீழே அதே சொற்கள்: அறியத் தருகிறோம். பகிடிக்கு நான் எடுத்த சொற்கள் எங்கிருந்து வந்தவை என்று அன்றுதான் உறைத்தது.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு ஏதாவது எழுதி வாசிக்கச் சொல்லி ஷெரினின் அம்மா கேட்டார். "அழுகிற மாதிரி எழுதாத தம்பி. அதுக்கு நாங்க இருக்கிறம். நீ அவளைச் சிரிக்க வைச்சவன்." முயற்சி செய்கிறேன் அன்ரி.

இங்கே இருக்கிற உறவினர்களுக்காகச் சொல்கிறேன்: நானும் ஷெரினும் பல்கலைக்கழகத்தில் ஒரே பேட்ச். முதலாம் வருட முடிவில் எங்கள் இருவருக்கும் கோடைகாலச் சுற்றாடல் ஆய்வு நல்கை கிடைத்தது. கொழும்பில் கோடை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று நேர்முகத்தில் நான் கேட்டேன். ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஷெரின் இருமுவது போல் வாயைப் பொத்தினாள். அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள்.

வேலை இதுதான். நாற்பது நாள், ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு, ஒரே இடத்தில் ஒரு போத்தல் தண்ணீர். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் சேரும் இடம் எனக்கு. கொழும்பின் வடக்கே ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் அவளுக்கு. பிறகு இருவரும் ஆய்வுகூடத்தில் சந்தித்து உப்பு, ஒட்சிசன், கலங்கல் எல்லாம் அளந்து கொப்பியில் எழுத வேண்டும். அவள் போத்தலை ஐஸில் வைத்த ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் வருவாள். ஒருநாள் கொண்டக்டர் பெட்டியைத் தட்டி, "இஸ்ஸோத நங்கி?" என்று கேட்டாராம், இறாலா என்று. "நே அய்யே, வதுர" என்றிருக்கிறாள். தண்ணீரை ஐஸ் போட்டுக் கொண்டுபோகிற பிள்ளையை அவர் அதன்பிறகு தினமும் இருக்கை பார்த்து உட்கார வைத்தார். புத்தி சரியில்லை என்று இரங்கியிருக்க வேண்டும்.

அளவுமானியைத் தொடுவதற்கு முன் ஷெரின் போத்தலைத் திறந்து மணப்பாள். கொப்பியில் 'மணம்' என்று ஒரு நிரலும் போட்டாள். மணம் தரவு அல்ல என்று மேடம் அதை வெட்டச் சொன்னார். வெட்டினாள். ஆனால் தன் சின்னக் குறிப்புப் புத்தகத்தில் தொடர்ந்து எழுதினாள். "மெஷினுக்குக் கலிபிரேஷன் பிழைக்கும். மூக்குக்குப் பிழைக்காது" என்பாள். முகத்துவாரம்: டீசல், நேற்றைய சாளை. வெள்ளவத்தை: கூழ் முட்டை, யாரோ ஒருவருடைய கலியாண வீட்டு மிச்சம்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் அவளுடைய பெட்டிக்குள் ரப்பர்த் தவளை வைத்தேன். அவள் கத்தவில்லை. மறுநாள் என் மதியச் சோற்றுப் பார்சலைக் காணவில்லை. மூன்று மணிக்கு மாதிரிகள் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியில், 'இடம்: நிரோ வீட்டுக் குசினி. ஆழம்: இரண்டு அங்குலம். திறக்கக்கூடாது' என்ற லேபலுடன் கண்டெடுத்தேன். "நீ கதைக்கிறது ஒரு லீற்றர், செய்யிறது நூறு மில்லி" என்றாள், என் கத்தரிக்காய்ப் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டே.

அதற்குப் பதிலாகத்தான் நான் என் புகழைப் பாடத் தொடங்கினேன். நாற்பது நாள், ஒரு நாளும் தவறாதவன். மழையிலும் போனவன். காய்ச்சலிலும் போனவன். இங்கே இருக்கிற எங்கள் பேட்ச்சில் இதைக் கேட்காத காது இல்லை. இதே வாயால் மேடத்துக்கும் சொன்னேன். அதற்குக் காரணம் இருந்தது. நல்கை முடிந்ததும் ஒருவருக்கு மட்டும் புத்தளம் களப்பில் ஆறு வாரம் கண்டல் காடுகளில் வேலை செய்யும் இடம். பதிவு முழுமையாக உள்ளவருக்கு.

ஷெரின் அந்த இடத்தை எவ்வளவு விரும்பினாள் என்று அன்ரிக்குத் தெரியும். கொழும்பைத் தாண்டி அவள் போன மிகத் தூரமான இடம் நீர்கொழும்பு. கண்டல் வேர்களின் படத்தை ஃபோனின் முகப்பில் வைத்திருந்தாள். "எங்கட தண்ணி எல்லாம் ஊத்தையாகி முடிஞ்ச தண்ணிடா. ஊத்தையாக முந்தி ஒருக்கா மணந்து பார்க்கோணும்" என்பாள். நான் புத்தளத்தை விரும்பவில்லை. வெல்வதை விரும்பினேன்.

இனி வருவதை அன்ரி எதிர்பார்த்திருக்கமாட்டார்.

இருபத்துமூன்றாம் நாள் நான் எழும்பியபோது எட்டு மணி. கால்வாய்க்கு ஓட நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குசினிக் குழாயில் போத்தலை நிரப்பினேன். பல்கனிப் பூச்சாடியிலிருந்து ஒரு சிட்டிகை மண். கடல் கலக்கும் இடமல்லவா, ஒரு கரண்டி கறியுப்பு. குலுக்கிப் பார்த்தேன். அசல் வெள்ளவத்தை. என் திறமையை நானே மெச்சினேன்.

ஷெரின் மூடியைத் திறந்தாள். மணந்தாள். திரும்பவும் மணந்தாள். "என்னடா, உன்ர கால்வாய் இண்டைக்குக் குளிச்சிட்டு வந்திருக்கு?" நான் கடற்பெருக்கு, அமாவாசை என்று ஏதோ அளந்தேன். அவள் ஒட்சிசனை அளந்தாள். அந்தக் கால்வாயில் மீன்கள் நடனமாடலாம் என்றது மானி. நான் ஏற்கெனவே கொப்பியில் எழுதிவிட்ட உப்பு அளவின் மேல் ஒரு கோடு இழுத்தாள். 'மாதிரி இல்லை' என்று எழுதினாள். பக்கத்தில் 'ஷெ.' என்று ஒப்பமிட்டாள்.

ஆய்வுகூடத்தில் அதுதான் வழக்கம். அழிக்கக்கூடாது. ஒரே கோடு, திருத்தியவர் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். திருத்தியவர் யார் என்றுதான் அந்த எழுத்து சொல்கிறது, தவறியவர் யார் என்றல்ல. ஆனால் கடைசிக் கூட்டத்தில் மேடம் கொப்பியைப் புரட்டி, அந்த எழுத்தில் விரல் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "ஷெரின், இருபத்துமூன்றாம் நாள் இடம் மாற்றிக்கொண்டீர்களா? வெள்ளவத்தைக்கு நீங்களா போக இருந்தது? தவறவிட்டீர்களா?"

ஷெரின் என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றிய ஃபானைப் பார்த்தேன். மூன்று இதழ்கள். நன்றாக எண்ணினேன்.

"ஓம் மேடம்" என்றாள். புத்தளம் எனக்கு வந்தது.

வெளியே வந்ததும் அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "நான் உனக்கு நேரம் தந்தனான் நிரோ. நீ ஃபானைப் பார்த்தனீ" என்றாள். பிறகு மட்டக்குளி பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு செய்தி வந்தது: "தலைவர் எப்பிடி? சாப்பிட்டவரா?" அவ்வளவுதான் அவளுடைய மன்னிப்பு. நான் உடனே தலைவரின் நாளாந்த அறிக்கைகளை அனுப்பத் தொடங்கினேன். சொல்ல வேண்டியதை நாளைக்குச் சொல்லலாம், புத்தளம் போவதற்கு முன் மேடத்திடம் போய்ச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் உடும்பைப் பற்றியே எழுதினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அவற்றை வாசித்தாளா என்று அவளின் அண்ணாவைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

போன கிழமை அவர் அந்தச் சின்னக் குறிப்புப் புத்தகத்தை என்னிடம் தந்தார். "இது உனக்குத்தான் விளங்கும்" என்றார். இருபத்துமூன்றாம் நாளைத் தேடினேன். அவளுடைய சாய்ந்த எழுத்து: 'வெள்ளவத்தை. மணம்: குழாய்க் குளோரின், பூச்சாடி மண், கறியுப்பு. பாவம், நல்லாப் பயந்திட்டான்.'

பயந்ததையும் மணந்திருக்கிறாள்.

அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கும் அன்ரி. நீங்கள் கேட்டால் ஒழிய யாருக்கும் கொடுக்கமாட்டேன். போத்தலைத் திறந்ததும் முதலில் மணக்கிற பழக்கமும் என்னிடம் இருக்கும்.

மேடம், நீங்கள் இரண்டாவது வரிசையில் இருக்கிறீர்கள். அடுத்த திங்கள் புத்தளத்துக்கு நான் போகமாட்டேன். அது என் இடம் அல்ல. நேற்று உங்கள் அலுவலகத்தில் கொப்பியைக் கேட்டு வாங்கியது படம் எடுக்க என்று சொன்னேன். அது பொய். ஷெரினின் எழுத்தை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, வழக்கப்படி, ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அம்மா, நீங்களும் பின்னால் இருக்கிறீர்கள். அன்றைக்கு உப்புப் போத்தலை ஈரக்கையால் தொட்டது யார் என்று வீடு முழுக்க விசாரித்தீர்கள். நான்தான். மழையிலும் போனவன் என்று சொன்னேனே, மழை பெய்த அந்த இரண்டு நாளும் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தது நீங்கள். காய்ச்சல் எனக்கு வரவேயில்லை.

நாற்பது நாளும் தவறாதவனின் கணக்கில் மிஞ்சுவது முப்பத்தொன்பது. நான் சேர்த்த வரி இது: 'வெள்ளவத்தை மாதிரியை எடுக்காமல் நித்திரை கொண்டவன் நான். நி.'