முன்குறியை அராவிய ரிவோல்வர்

கண்ணாடி மாற்றுவதற்காகப் போன மாதம் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இரும்புச் சட்டம் ஒன்றை என் மூக்கில் மாட்டிவிட்டு, அந்த இளம் டொக்டர் ஒவ்வொரு வில்லையாகப் போட்டும் எடுத்தும் பார்த்தார். "இது தெளிவோ, முந்தினது தெளிவோ?" என்று கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அப்படிச் சொல்லக் கூச்சமாக இருந்தபடியால் "இது" என்றேன். அடுத்ததைப் போட்டபோதும் "இது" என்றேன். "ஐயா எல்லாத்துக்கும் இதெண்டுறீங்கள்," என்று அவர் சிரித்தார். எனக்கு அப்போது எங்கள் இன்ஸ்பெக்டரின் ஞாபகம் வந்தது. அவர் என்றால் அந்தக் கதிரையை விட்டு எழும்பியிருக்கவே மாட்டார். பெட்டியில் இருக்கிற வில்லை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, ஒருக்கால் முதலில் இருந்து தொடங்குங்கோ டொக்டர் என்று சொல்லியிருப்பார். எத்தனையோ வருடம் போய்விட்டது. இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

நான் அரிப்பில் கடல் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடப் படிப்போடு நிறுத்திக்கொண்டு பொலிஸில் சேர்ந்து, கொன்ஸ்டபிளாக மன்னாருக்கு வந்த புதிதில்தான் அவரைக் கண்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாத எனக்கு ஒரே ஒரு காரியம் கைவந்திருந்தது. பயிற்சியில் ரிவோல்வர் சுடும்போது என் கை அசையாது. வருடா வருடம் அனுராதபுரத்தில் சுடும் போட்டி ஒன்று நடக்கும். ஒரு ஸ்டேசனில் இருந்து இரண்டு பேர் சோடியாகச் சுட வேண்டும். இரண்டு பேரின் புள்ளியையும் கூட்டிப் பார்த்து, முன்னுக்கு வரும் சோடிகளைத்தான் கொழும்பில் நடக்கும் பெரிய போட்டிக்கு எடுப்பார்கள். அந்தக் கொழும்புப் போட்டியில் ஒரு தடவை நின்று சுட்டுவிட வேண்டும் என்பதே என் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு அந்த வயதில் இருக்கவில்லை. எங்கள் ஸ்டேசனில் போட்டிக்குப் போக விரும்பியவர்கள் இன்ஸ்பெக்டரும் நானும் மட்டும்தான். ஆகவே என் ஆசை அவருடைய கையிலும் பாதி இருந்தது.

அவருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. முந்திய வருடப் போட்டியில் அவர் சுட்ட வெடி ஒன்று வளையத்தின் கோட்டிலே பட்டது. சாதாரணத் தோட்டாவில் முன்னால் பாய்கிற ஈயக் குண்டுக்கு, அதாவது சன்னத்துக்கு, மூக்கு உருண்டையாக இருக்கும். அது கடதாசியைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, துளை துப்புரவாக விழாது. கோட்டைத் தொட்டதா இல்லையா என்று வாக்குவாதம் வந்து, தொடவில்லை என்று முடிவு சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் மூக்குத் தட்டையான சன்னம் வைத்த தோட்டாவுக்கு அலைந்தார். அது போட்டிக்கென்றே செய்வது. ரயிலில் டிக்கெட்டுக்கு ஓட்டை போடுவதுபோல வட்டமாக வெட்டிவிடும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் இறங்காத காலம் அது. கொழும்பில் லைசென்ஸ் உள்ள துவக்குக் கடை ஒன்றில் கிடந்த கடைசிப் பெட்டிகளை எழுதிக் கொடுத்து வாங்கி வந்தார். இனிக் கேட்டு வரவேண்டாம் என்று கடைக்காரர் சொல்லியனுப்பினாராம்.

தோட்டா வந்துவிட்டது. இனி எந்த ரிவோல்வர் என்பதுதான் கேள்வி. ஸ்டேசனுக்குச் சொந்தமான ஒன்று இருந்தது. பாரமானது, குழாய் கட்டை, பிடி என் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். மற்றது அவருடைய சொந்தச் சாமான். தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வாங்கியது. குழாய் நீளம், விசை வெண்ணெய்போல இழுபடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவோம். அங்கே பனங்குற்றிகளை அடுக்கி மண் நிரப்பிய மேடு ஒன்று இருந்தது. ஸ்டேசன் ரிவோல்வரைக் கட்டையன் என்றும் அவருடையதை நெட்டையன் என்றும் சொல்லுவோம். ஒரு பெட்டியைக் கட்டையனில் சுடுவார், பாதிப் பெட்டியை நெட்டையனில் சுடுவார். சோளகக் காற்று அடித்தால் காற்றில் எப்படி என்று சுடுவார். காற்று விழுந்தால் காற்றில்லாமல் எப்படி என்று சுடுவார். என் வேலை கடதாசி மாற்றுவதும், மேட்டுக்கு முன்னால் வந்து நிற்கும் கழுதைகளைக் கலைப்பதும். மன்னார்க் கழுதைக்கு வெடிச் சத்தமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நான் கல்லெடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து எங்கள் சார்ஜன் மர நிழலில் இருந்து சிரிப்பார். அவர் உயிலங்குளத்துக்காரர், வயல்காரக் குடும்பம், வாய் சும்மா இராது.

"டேய் தம்பி, உதுக்குத்தானோ பொலிசில சேந்தனீ? உன்ர கொம்மா ஊரில மகன் கள்ளன் பிடிக்கிறான் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறா."

பிறகு சார்ஜன், இன்ஸ்பெக்டரின் காதில் படாமல் என்னிடம் குனிந்து சொல்வார். "உவர் பொம்பிளை பாக்கப் போற மாப்பிளை மாதிரி. அந்த வீட்டிலயும் பலகாரம், இந்த வீட்டிலயும் பலகாரம். பலகாரம் முடிஞ்சாத்தான் தெரியும், கலியாணத்துக்கு ஒண்டுமில்லை எண்டு."

நான் சிரித்தேன். அப்போது அது பகிடியாகத்தான் இருந்தது.

எனக்கு அந்தத் தோட்டாவில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "தெரிவு முடியட்டும் தம்பி. முடிஞ்சாப் பிறகு நீயும் நானும் மிச்சத்தைப் பங்கு போடுவம்," என்று சொல்லுவார். அதுவரைக்கும் நான் கொன்ஸ்டபிள்மார் தங்கும் பரக்சில் சுவரைப் பார்த்து வெறும் ரிவோல்வரை நீட்டி விசையை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கரும்புள்ளி, ஒரு கிளிக் சத்தம். கூட இருந்தவர்கள் எனக்கு 'கிளிக்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒரு நாள் கேட்டேன். "சேர், ரெண்டும் நல்லாத்தானே சுடுது? ஒண்டை எடுப்பமே?" என்றேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. பக்கத்தில் இருத்தி, நிதானமாக, "நல்லாச் சுடுது எண்டுறது காணாது. ஒரு வெடி பிழைச்சா பிழை துவக்கிலயோ, தோட்டாவிலயோ, என்னிலயோ எண்டு எனக்குத் தெரியவேணும்," என்றார். சொல்லிவிட்டுத் தன் வலது கையை விரித்து ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருளை நான் அப்போது யோசிக்கவில்லை.

கடைசியில் நெட்டையன்தான் என்று முடிவெடுத்தார். ஆனால் அந்தத் தட்டைமூக்குத் தோட்டாவுக்கு அது கொஞ்சம் கீழே அடித்தது. குழாயின் நுனியில் குறி பார்ப்பதற்கென்று நிற்கும் சின்ன இரும்புத் துண்டை முன்குறி என்போம். அதைக் குறைத்தால் வெடி மேலே ஏறும். வள்ள எஞ்சின் திருத்துகிற கடையில் ஒரு மெல்லிய அரம் வாங்கி வந்து, கொஞ்சம் அராவுவார், சுடுவார், பார்ப்பார், மறுபடி அராவுவார். அராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அது தெரிந்தபடியால் ஒரு மயிர் அளவு அராவுவதற்கும் பல வெடி வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெடி எல்லாம் நட்ட நடுவில் போய் விழுந்தது. சார்ஜனே எழுந்து வந்து கடதாசியைப் பார்த்துவிட்டு, "இனிப் பேச்சில்லை சேர், தாலியைக் கட்டுங்கோ," என்றார். மிஞ்சியிருந்தது ஒரு பெட்டி. அது எங்கள் இரண்டு பேருக்கும் போட்டிக்குக் காணும். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அடுத்த ஞாயிறு அவர் அந்தப் பெட்டியையும் கொண்டு கடற்கரைக்கு வந்தார். "சேர், இது கடைசிப் பெட்டி," என்றேன்.

"தெரியும் தம்பி. ஒரு நாலு வெடி. போன கிழமை சரியா வந்தது தற்செயலோ எண்டு பாக்காம எப்பிடிக் கொண்டு போறது?"

முதல் மூன்றும் நடுவில். நாலாவது ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவருடைய முகம் கறுத்தது. காற்றோ என்று பார்க்க இன்னும் கொஞ்சம். தோட்டாவோ என்று பார்க்க இன்னும் கொஞ்சம். நான் பக்கத்தில் நின்று, "சேர்... காணும் சேர்..." என்று சொல்லச் சொல்ல, அவர் நிரப்பினார், சுட்டார், நிரப்பினார். சார்ஜனுக்கும் அன்றைக்குப் பகிடி வரவில்லை. கடைசித் தோட்டாவின் வெறுங்கோது மணலில் விழுந்தபோது, ஒரு கழுதை வந்து மேட்டின் முன்னால் நின்றது. நான் கலைக்கப் போகவில்லை.

அனுராதபுரத்துக்கு ஸ்டேசனில் தந்த சாதாரணத் தோட்டாவோடுதான் போனோம். நான் கட்டையனில் சுட்டேன். சுவரைப் பார்த்து இழுத்த பழக்கமோ என்னவோ, கை நன்றாக வந்தது. முதல் சுற்றில் எனக்கு விழுந்த புள்ளியைச் சத்தமாக வாசித்தபோது, பக்கத்து ஸ்டேசன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் வரவில்லை. தட்டைமூக்குக்கென்று அராவிய முன்குறி அல்லவா! உருண்டைமூக்குத் தோட்டா முழுவதும் மேலே ஏறிவிட்டது. கறுப்பு வட்டத்துக்கு மேலே, வெறும் வெள்ளைக் கடதாசியில் துளைகள். ஆனால் இன்னும் இரண்டு சுற்று இருந்தது. நான் கூச்சத்தை விட்டு அவர் காதருகில் போய்ச் சொன்னேன். "சேர், எல்லாம் ஒரே இடத்திலதான் விழுகுது. கொஞ்சம் கீழ பிடியுங்கோ. பிடிச்சா எல்லாம் நடுவுக்கு வந்திடும். நாங்கள் கொழும்புக்குப் போறம் சேர்."

அவர் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே இடத்திலதான் என்ன?" என்றார். பிறகு, "கீழ பிடிச்சா எனக்கு என்னெண்டு தெரியும்? அதே மாதிரிப் பிடிச்சு அதே இடத்தில விழுகுதோ எண்டு பாக்கவேணும்," என்றார்.

அப்படியே பிடித்தார். அடுத்த சுற்றிலும் அதே இடம். அதற்கடுத்த சுற்றிலும் அதே இடம். என் புள்ளியோடு அவருடையதைக் கூட்டியபோது, எங்கள் சோடி கடைசிக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

அனுராதபுர ரயில்வே ஸ்டேசனில் தலைமன்னார் ரயிலுக்குக் காத்திருந்தபோது, தேநீர்க் கடை மேசையில் அவர் தன் கடதாசியை விரித்தார். குடித்து முடித்த பிளேன்டீக் கிளாசைத் துளைகளுக்கு மேலே கவிழ்த்து வைத்துப் பார்த்தார். எல்லாத் துளையும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. அவ்வளவு சந்தோசமாக நான் அவரைக் கண்டதில்லை.

"பாத்தியோ தம்பி? கை நடுங்கேல்ல. அண்டைக்கு விலகினது துவக்குமில்லை, கையுமில்லை. அது தோட்டா."

"நாங்கள் தோத்துப் போனம் சேர்," என்றேன்.

"ஓம், அது தெரியும்," என்றார். தேநீர்க்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் கடதாசியைக் காட்டினார். அவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்.

அந்த வருடமே இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். பிறகு எங்கள் ஸ்டேசனில் என்னோடு சோடி சேர ஒருவரும் முன்வரவில்லை. வந்த அதிகாரிகளிடம் கேட்கும் துணிவும் எனக்கு இருக்கவில்லை. தன் கை எப்படிப்பட்டது என்று அறியாமல் ஓய்வு பெற அவர் பயந்திருந்தார் என்பது இந்த வயதில் எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் எரிச்சல் குறைவதில்லை. அவர் தெரிந்துகொண்டு போனார். என் கை எப்படிப்பட்டது என்று கொழும்பில் நின்று பார்த்துக்கொள்ள எனக்குக் கிடைக்கவே இல்லை.