அம்மாவின் கைப்பையில் ஒரு ரவைக்கோது

எங்கள் அலுவலகக் கூட்டங்களில் வாரத்துக்கு ஒருவராவது 'பைட் த புலட்' என்று சொல்லிவிடுகிறார்கள். சம்பளம் கூட்டமாட்டோம், ஆளும் தரமாட்டோம், பல்லைக் கடித்துக்கொண்டு சமாளியுங்கள் என்று அர்த்தம். எல்லோரும் தலையாட்டுகிறோம். எனக்கு அதைக் கேட்டாலே அலுப்பு வந்துவிடுகிறது. அது எப்படி வந்த சொல் என்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும்.

அது சண்டையால் தரைப்பாதை பூட்டியிருந்த காலம். சீனியிலிருந்து மருந்துவரை எல்லாம் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில்தான் வரவேண்டும். அம்மாவின் கடைவாய்ப் பல் சூத்தையாகிக் கன்னம் வீங்கியிருந்தது. ரவுண் கடைத்தெருவில் இருந்த பல் வைத்தியரிடம் விறைப்பூசி முடிந்துவிட்டது. இரண்டு கிழமை கப்பலைப் பார்த்திருந்துவிட்டு, ஊசி இல்லாமலே பிடுங்குவது என்று அம்மா முடிவெடுத்தார்.

சித்தி அப்போது ஆங்கிலச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் யார் தும்மினாலும் அதற்கொரு ஆங்கிலச் சொலவடை வைத்திருப்பார்.

"உதைத்தான் இங்கிலிசிலை பைட் த புலட் எண்டு சொல்லுறவை. அந்தக் காலத்துச் சண்டையளிலை விறைக்கிற மருந்து இல்லை. காலை வெட்டேக்கை கத்தாமல் இருக்க, வாயிலை ஒரு துவக்கு ரவையைக் குடுத்துக் கடிக்கச் சொல்லுவினமாம்."

"எனக்கு ஏலாமல் கிடக்கு. நீ போய்ப் படி," என்றார் அம்மா.

எனக்கோ அது வேதவாக்கு. வீட்டுப் பின்வளவில் பொறுக்கிய, சுட்டு முடிந்த வெற்று ரவைக்கோது ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகம் துடைக்கும் என் லேஞ்சியில் சுற்றி, அம்மாவின் கைப்பைக்குள் வைத்தேன். முன்கூட்டிக் கேட்டால் வேண்டாம் என்பார், நோகும்போது எடுத்துக் கொடுக்கலாம் என்பது என் திட்டம்.

அம்மாவோடு போகும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடி இருப்பது என் ஞாபகத்துக்கே வரவில்லை. நாள்தோறும் சைக்கிளால் இறங்கி நடக்கும் இடத்தை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? பெண்களைச் சோதிக்கும் தகரக் கொட்டிலில் ஒரு பெண் சிப்பாய் லேஞ்சியை விரித்தாள். உடனே வெளியே பார்த்துச் சத்தம் போட்டாள். கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து, யாருடையது என்று கேட்டார்.

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். நான் வாயைத் திறக்க முன்னம் என் கையை நோகும்படி இறுக்கிப் பிடித்தார்.

"என்ரைதான் ஐயா. றோட்டிலை கிடந்தது. பிள்ளைக்கு விளையாட எண்டு நான்தான் எடுத்தனான்."

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அப்படி உள்ளே போனவர்களில் பலர் அந்தக் காலத்தில் திரும்பி வந்ததில்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். நான் மண்மூட்டையில் சாய்ந்துகொண்டு எறும்பு பார்த்தேன். மத்தியானம் கழிந்து அம்மா வந்தார். அதற்குள் வைத்தியர் பூட்டிக்கொண்டு போயிருப்பார். சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

எனக்குச் சரியான கோபம். அம்மாவுக்கென்று நான் வைத்ததை, எனக்கென்று தான் எடுத்ததாக மாற்றிச் சொல்லிவிட்டார். பொய் சொன்னால் எனக்கு அடி போடுகிறவர் இவர்தானே! பின்கரியரில் இருந்தபடி, வீடு வரும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை. அவரும் கதைக்கவில்லை. பல் நோகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.