ஏக்கம் என்று நினைத்த காய்ச்சல்

மகள் நர்ஸ் வேலைக்குக் குவைத் போன வாரம்தான் எங்கள் ஜெர்சிப் பசு தீவனத்தைக் குறைத்தது. கன்றாக வந்த நாளிலிருந்து அதைக் குளிப்பாட்டியதும் பிறகு கறந்ததும் அவள்தான். அதனால் தெருவில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. நானும் அப்போது சரியாகச் சாப்பிடவில்லை.

“ஒரு பொண்ணு பிளேன் ஏறினா வீட்ல ரெண்டு பேரு பட்டினி. நல்ல ஜோடிதான்” என்றார் என் கணவர்.

வெள்ளிக்கிழமை எதிர்க்கடைக்கு மகளின் போன் வந்தது. “மாடு ஒனக்காக ஏங்குதுடி” என்றேன். “நெசமாவாம்மா?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று.

அதன் பிறகுதான் பசுவுக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு வாங்கியது. தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவில் கட்டி. மாட்டு டாக்டர் காது நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக் கும்பகோணத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“கோடையில எங்க மேய விட்டீங்க?”

அறுப்பு முடிந்ததும் எருவுக்காக வயலில் கிடை போடச் சொல்வோம். ராமநாதபுரத்து மாடுகள் வந்து சில இரவுகள் அங்கே அடைந்துவிட்டுப் போகும். பிறகு முளைத்த புல்லில்தான் பசுவைக் கட்டியிருந்தோம்.

“அதுங்க விட்டுட்டுப்போன உண்ணி இது மேல ஏறியிருக்கு. அது வழியா ரத்தத்துல கிருமி. அந்த நாட்டு மாடுங்க தாங்கும், ஜெர்சி தாங்காதும்மா.”

பக்கத்து வீட்டு மாடு முன்பு ரத்தமாக மூத்திரம் பெய்தபோது மஞ்சள் ஊசியில்தான் எழுந்தது. அதையே போடச் சொன்னேன்.

“அது வேற கிருமிக்கும்மா. இந்தக் கிருமி அந்த ஊசிக்குக் கேக்காது.”

இதற்கான மருந்தைக் கணவர் தஞ்சாவூர் போய் வாங்கி வந்தார். சின்ன பாட்டிலில் கருஞ்சிவப்பாக இருந்தது. டாக்டர் அதைக் கழுத்துச் சதையில் ஊசியாகப் போட்டார். காய்ச்சல் இறங்கியது. இமையின் உட்புறம் மட்டும் வெளுத்தே கிடந்தது. ரத்தம் வற்றிவிட்டது என்றார் டாக்டர். வியாழக்கிழமை காலை பசு எழவில்லை.

மறுநாள் மகளின் போன் வந்தபோது, உண்ணியால் வந்த காய்ச்சலில் பசு போய்விட்டதைச் சொன்னேன்.

“அப்ப அது எனக்காக ஏங்கலையாம்மா?”

“நீ சாப்பிடுறியாடி?” என்றேன்.

“சாப்பிடுறேம்மா. கொஞ்சம் அசதியா இருக்கு. வீட்டு ஏக்கம்தான்.”



“ஆஸ்பத்திரிலதானே இருக்க? இன்னைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கடி” என்றேன்.