நாலு கட்டம் கூடும் மூலையில் ஓர் ஊர்

அடைக்கலமேரி கோடு போட்டால் எறும்புகூட அதன்மேல் நேராகத்தான் போகும் என்று கொடைக்கானலில் கேலி செய்வோம். மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவளை 1961-ல் ஒரு புதிய திட்ட ஆபீஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மேல்மலையில் பெய்கிற மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு கீழே ஓடும் என்று கணக்குப் பார்க்கிற திட்டம். அதற்கு மலைப் படம் முழுக்கச் சதுரக் கட்டம் போட வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம். மரம் என்றால் பச்சை, புல்வெளி மஞ்சள், வீடும் வெள்ளாமையும் சிவப்பு. கட்டத்தில் எது பாதிக்கு மேல் இருக்கிறதோ, அதுவே முழுக் கட்டத்துக்கும் நிறம். பிறகு கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் கட்டம் கட்டமாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. பொய்யே இல்லாத வேலை என்று என் அடுப்படியில் உட்கார்ந்து பெருமையடிப்பாள். பக்கத்து வீட்டுக்காரி நான், கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அவள் பிறந்தது மன்னவனூர் தாண்டி ஒரு சின்ன ஊரில். அப்பா செபாஸ்டின் அங்கே உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார். கட்டம் போட்டு முடித்தபோது அந்த ஊர் சரியாக நாலு கட்டம் கூடுகிற மூலையில் அகப்பட்டுக்கொண்டது. நாலாகப் பிரிந்த ஊர் எந்தக் கட்டத்திலும் பாதியைத் தொடவில்லை. சுற்றிலும் புல்வெளி, விதிப்படி நாலும் மஞ்சள்.

பதறிப்போய் அதிகாரி இராமலிங்கத்திடம் ஓடினாள். கோடுகளைக் கொஞ்சம் நகர்த்தினால் ஊர் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும் என்றாள். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. நகர்த்தினால் வேறோர் ஊர் மூலையில் மாட்டும் என்று படத்தில் காட்டினார். உண்மைதான். தண்ணீர்க் கணக்குக்குத்தானே இந்தப் படம், ஊர் எங்கே போய்விடப் போகிறது என்றும் சொன்னார். நம்பி மஞ்சளைத் தீட்டினாள்.

படம் தண்ணீர்க் கணக்கோடு நிற்கவில்லை. தோல் பதனிடப் பட்டை உரிக்கிற வாட்டில் மரம் நடுவதற்குக் காலி இடம் தேடியவர்கள் கைக்கு அது போனது. மஞ்சள் கட்டங்கள் அவர்களுக்கு வாகாகக் கிடைத்தன. ஊரில் யாரிடமும் பட்டா கிடையாது. படத்திலும் ஊர் கிடையாது. கிழங்குக் காட்டிலேயே கன்று நடக் குழி வெட்டினார்கள்.

செபாஸ்டின் மலையேறி இறங்கிக் கொடைக்கானலுக்கு வந்தார். படத்தில் ஊரைக் காட்டச் சொன்னார். அவள் கோடுகள் கூடுமிடத்தில் விரலை வைத்தாள்.

“கோட்டுக்கு அடியிலயா தாயி நாங்க கெடந்தோம்?” என்றார்.

திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். ஊர் கலைந்ததும் ஒட்டன்சத்திரத்துக்குப் போய், அதுவரை தன் கிழங்கை விற்றுவந்த அதே கமிஷன் கடையில் மூட்டை தூக்கினார். அங்கேயே நெஞ்சடைத்துச் செத்தார்.

சில வருஷம் கழித்து, கட்டம் ரொம்பப் பெரிசாக இருந்ததால் கணக்குத் தப்புகிறது என்று ஆபீஸ் ஒருவழியாகக் கண்டுபிடித்தது. இனிச் சின்னச் சின்னக் கட்டம். போடச் சொன்னது அவளைத்தான். வேலையை உதறிவிட்டு வாடி என்றேன்.

“இந்தத் தடவ ஊரக் கோடு வெட்டாமப் பாத்துக்கிறேன்க்கா,” என்றாள்.

பார்த்துக்கொண்டாள். அப்பாவின் கிழங்குக் காடு முழுசாக ஒரே கட்டத்துக்குள் வந்தது. பாதியா, பாதிக்கு மேலா என்று அளக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை வாட்டில்தான். விதிப்படி பச்சையைத் தீட்டினாள்.