அந்தோணிராஜ் கண்டுபிடித்த சென்சார்

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் அழுத்தமானிகளைச் சோதித்தவர் அந்தோணிராஜ். நான்கு தங்கைகளுக்கும் கல்யாணம் செய்து முடித்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. தனக்கென்று பெண் பார்க்க யாரும் இல்லை. 1997-இல் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மண்ணூர்பேட்டையில் ஓர் அறைக்கு வந்தார். சில நாட்களில், "ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்பதைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

டீக்கடைக்குப் பக்கத்தில் சுலைமானின் கார் ஷெட். ஒரு மதியம் சுலைமான் எட்டிப் பார்த்தார்.

"சார், நீங்க ஃபேக்டரில மீட்டரு பாத்தவருதான? இத்த கொஞ்சம் பாருங்க. வெளிநாட்டு வண்டி, ஸ்டார்ட் ஆயி ஆயி நின்னுடுது. பெட்ரோல் பிரஷர் சென்சாரைப் பாக்கச் சொல்றாங்க. எதுன்னே தெர்ல, கொயப்பமா கீது."

அந்தோணிராஜ் ஷெட்டுக்குள் போனபோது, சுலைமானின் ஸ்பேனர் ஏற்கெனவே ஓர் உருண்டைப் பாகத்தின் மேல் இருந்தது.

"அதைத் தொடாதீங்க. அப்படியே கழட்டினா பெட்ரோல் மூஞ்சியில அடிக்கும்."

அவர் குனிந்து, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே இன்ஜின் வரை வந்தார். அது மேலே ஒரு நீள உலோகக் குழாயில் சேர்ந்தது. அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பாகம்.

"நீங்க கழட்டப் போன இதுல ரப்பர் டியூப்தான் இருக்கு, வயர் இல்ல. இது அழுத்தத்தைக் கட்டுப்படுத்துறது. அந்தப் பக்கம் பாருங்க, மூணு வயர் போகுது. அழுத்தத்தை அளந்து சொல்றது அதுதான்."

சென்சாரைக் கழற்றாமல் வயர் சொருகியை மட்டும் உருவினார். உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டியதும் இன்ஜின் நிற்காமல் ஓடியது.

"கில்லாடி சார் நீங்க" என்றார் சுலைமான். அதற்குள் வண்டிக்காரர் வந்துவிட, அவரோடு பேசப் போய்விட்டார்.

அறைக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார் அந்தோணிராஜ். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "ரெண்டு பாகமும் பாக்க ஒரே மாதிரி..." என்று வாய்விட்டு ஆரம்பித்தவர், தன் குரலைக் கேட்டுக் கூச்சப்பட்டு நிறுத்தினார்.

மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். வெள்ளிக்கிழமை, பூட்டியிருந்தது. டீ குடித்தார், காத்திருந்தார், திரும்பினார். சனிக்கிழமையும் போனார். சுலைமான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"யாரு?" என்றது குரல்.

"நான்தான். சும்மா வந்தேன்."

"அந்த ஸ்டூல்ல குந்துங்க சார், வந்துட்டேன்."

அவர் உட்கார்ந்தார்.