எட்டு சர்வர்களுக்கு எடுத்த பாஸ்

பேருந்துப் பயணச்சீட்டுகளை இணையத்தில் விற்கும் அந்த நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாகப் பில் சரிபார்த்துவந்தவரை எல்லோரும் ஃபைல்காரர் என்றே அழைத்தார்கள். அவர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய குடையின் ரசீது அவரிடம் பத்திரமாக இருந்தது, குடைதான் இல்லை. அதை இரவல் வாங்கிப்போன மைத்துனர், ‘நாளைக்குத் தந்துடறேன் மாமா’ என்று அனுப்பிய குறுஞ்செய்தி அச்செடுக்கப்பட்டு அந்த ரசீதின் பின்னால் பின் குத்தப்பட்டிருந்தது.

அவருடைய படிப்பு பள்ளியோடு நின்றுவிட்டது. ஆகவே பதவி உயர்வுப் பட்டியல் வெளிவரும்போதெல்லாம் அதில் அவர் பெயர் இருக்காது. பட்டியலின் நகல் மட்டும் அவரிடம் இருக்கும். அப்படி ஏழு நகல்கள் சேர்ந்திருந்தன. குடையை வாங்கிப்போன மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, அதே நிறுவனத்தில் மென்பொருள் பரிசோதனைப் பிரிவின் தலைவராக இருந்தார் என்பதும், நான்காவது பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது என்பதும் இங்கே சொல்லத் தக்கவை.

நிறுவனம் தன் சொந்த சர்வர்களை விற்றுவிட்டு, வேறொரு பெரிய நிறுவனத்தின் சர்வர்களை இணையம் வழியாக மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் கிளவுட் முறைக்கு மாறியபோது, மாதந்தோறும் நாற்பது பக்கத்தில் பில் வரத் தொடங்கியது. மற்றவர்கள் கடைசி வரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஃபைல்காரர் முதல் வரியிலிருந்து படித்தார். புரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதி, டிக்கெட் பிரிவின் பெண் இன்ஜினியரைச் சாப்பாட்டு இடைவேளையில் மடக்கிக் கேட்டார். நான்கு மாதம் கழித்து, அந்தப் பெண் தன் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டார். அதற்குள் ஃபைல்காரருக்குத் தேவையானது தெரிந்துவிட்டது.

டிக்கெட் பிரிவில் நடுத்தர அளவுள்ள எட்டு சர்வர்கள் ஆண்டு முழுவதும் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடின. ஆனால் வாடகையோ, எப்போதாவது வந்து போகிறவரிடம் வாங்குவதைப் போல மணிக்கு மணி முழுக் கட்டணம். ஓராண்டுக்கு எட்டையும் வைத்துக்கொள்கிறோம் என்று முன்பதிவு செய்துவிட்டால், நூறு ஆகிற இடத்தில் அறுபதே ஆகும். அவர் இதைப் பதினான்கு பக்கத்தில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜருக்குக் காகிதம் என்றாலே ஆகாது. எதையும் டீ மெஷின் பக்கத்தில் நின்று வாயால் பேசி முடிப்பவர். அவர் பதினான்கு பக்கத்தையும் கையில் எடை பார்த்துவிட்டு, ஒரே வரியில் சொல்லும்படி கேட்டார்.

“ஊருக்கெல்லாம் மாச பாஸ் வித்துட்டு, நாம மட்டும் தினம் ரெண்டு வேளை டிக்கெட் வாங்கிட்டுப் போறோம் சார்.”

மேனேஜருக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனாலும் ஒரு வருஷக் கடப்பாடு என்றதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். யோசனை யாருடையதோ கையெழுத்தும் அவருடையதாக இருப்பதுதான் அழகு என்றார். ஃபைல்காரர் பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டார். நகல் எடுத்துக்கொண்டார்.

மாத முடிவில் டிக்கெட் பிரிவின் பில் வந்தது. முன்பதிவுக்கான தொகை அதில் இருந்தது. அதற்குக் கீழே, மணிக்கணக்கு வாடகையும் ஒரு காசு குறையாமல் இருந்தது. பாஸும் எடுத்து, டிக்கெட்டும் வாங்கியதுபோல.

பில்லைத் தொடர்ந்து மேனேஜரிடமிருந்து ஒரு மெமோ வந்தது. நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படுத்தியதற்கு ஐந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். தவறினால் பில் மேசையிலிருந்து பேருந்து நிலையத்தில் உள்ள தொலைந்த பைகள் கவுன்ட்டருக்கு மாற்றப்படுவார். பதினாறு ஆண்டுகளில் அவர் பெற்ற முதல் மெமோ அது. அதைவிட அவரை உறுத்தியது, அதில் ஃபைல் எண் போடாமல் விட்டிருந்தது. எதிர் மேசைக்காரர், தொலைந்த பைகளுக்கெல்லாம் ரசீது கேட்டுப் பயணிகளை ஓடவிடப்போகிறார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். ஃபைல்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

முதல் நாள், போன மாதப் பில்லையும் இந்த மாதப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். பதினேழாம் பக்கத்தில் கோல் நின்றது. அங்கே எட்டு சர்வர்களும் எட்டாகத்தான் இருந்தன. ஆனால் ‘நடுத்தரம்’ என்றிருந்த இடத்தில் ‘பெரியது’ என்று இருந்தது.

இன்ஜினியர் எதையும் மறைக்கவில்லை. விடுமுறைக் கூட்டத்தைச் சமாளிக்க, முன்பதிவு செய்த மூன்றாம் நாளே எட்டையும் பெரிதாக மாற்றியதாகவும், கூட்டம் போனபின் திரும்ப மாற்ற மறந்ததாகவும் சொன்னார். மேனேஜரிடம் அன்றே டீ மெஷின் பக்கத்தில் சொல்லிவிட்டாராம்; அவரும் தலையை ஆட்டினாராம். முன்பதிவு என்பது சர்வரைக் கட்டிப்போட்டு வைப்பதல்ல, குறிப்பிட்ட வகை சர்வர் ஓடினால் அதன் வாடகையைக் கழிக்கும் சலுகை மட்டுமே. வகை மாறினால் சலுகை திரும்பிப் பார்க்காது.

ஃபைல்காரர் நேரே மேனேஜரிடம் போனார். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, அந்த மாதிரி யாரும் தன்னிடம் சொன்னதாக நினைவில்லை என்று கையை விரித்தார்.

“எழுத்துல எதாவது இருக்கா?” என்றார்.

வாழ்நாள் முழுவதும் பிறரிடம் தான் கேட்டுவந்த கேள்வியை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது இத்தனை கசக்கும் என்று ஃபைல்காரருக்கு அதுவரை தெரியாது.

மாதச் சலுகை முழுவதும் காற்றில் கரைந்துவிட்டதா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. கிளவுட் நிறுவனம் தந்த விதிப் புத்தகத்தின் முப்பத்தொன்றாம் பக்கம் இல்லை என்றது. சலுகை முதலில் முன்பதிவு செய்த பிரிவின் சர்வர்களைத் தேடும். அந்த மணி நேரத்தில் அங்கே பொருத்தமானது ஓடவில்லையென்றால், அதே நிறுவனத்தின் வேறு பிரிவுகளில் தேடும். எங்குமே இல்லையென்றால்தான் வீணாகும். பிற பிரிவுகளின் மணிவாரிக் கணக்கைப் பார்க்க அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு அவர் முன்பே எழுதிய விண்ணப்பங்கள் மூன்று, நினைவூட்டல்கள் இரண்டு. பதில் வரவில்லை.

இரண்டாம் நாள் மாலை மைத்துனர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கண்ணாடிக் கேடயம். செலவைக் குறைத்த சிறந்த பிரிவு என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. அக்கா அதை வாங்கி மேசைமேல் வைத்தாள். ஃபைல்காரர் அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, எப்படிக் குறைத்தார் என்று விசாரித்தார்.

“எல்லாம் மேலாண்மைதான் மாமா,” என்றார் மைத்துனர்.

“மாப்ள, நீ எதை மாத்தின?”

“மாத்தறதுக்கு என்ன இருக்கு? தானா எறங்கிடுச்சு.”

ஃபைல்காரர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். உன் பிரிவில் நடுத்தர அளவு சர்வர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் மைத்துனர். எத்தனை என்று கேட்டார். மைத்துனர் கூரையைப் பார்த்து விரல் விட்டு எண்ணி, எட்டு இருக்கலாம் என்றார். அவை என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு மட்டும் பதில் பிடிகொடுக்காமல் நழுவியது. துருவிக் கேட்டபின் வெளிவந்தது: போன ஆண்டு ஒரு புதிய செயலியைச் சோதிக்க எடுத்தவை. அந்தச் செயலி கைவிடப்பட்டது. சர்வர்களை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை.

“ஃபோனை எடு. மணிவாரிக் கணக்கைக் காட்டு.”

மைத்துனர் நெளிந்தார். அலுவலக ரகசியம் என்று முணுமுணுத்தார். ஃபைல்காரரின் மனைவி தம்பியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“டேய், தம்பி. இவர் தொலைஞ்ச பை கவுன்ட்டருக்குப் போனா, அந்த அலமாரியில இருக்கற அத்தனை ஃபைலும் உன் வீட்டுக்குத்தான் வரும். இங்க இடம் பத்தாது. யோசிச்சுக்க.”

ஃபோன் உடனே மேசைக்கு வந்தது. எட்டு வரிகள், ஒவ்வொன்றிலும் வாடகை பூஜ்யம், பக்கத்தில் ‘முன்பதிவில் கழிந்தது’ என்ற குறிப்பு. தொடக்க நாள், இன்ஜினியர் டிக்கெட் சர்வர்களைப் பெரிதாக்கிய அதே நாள், அதே மணி. ஃபைல்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கிய சலுகையை, வேலையே இல்லாத எட்டு சர்வர்கள் ஒரு மாதமாக உட்கார்ந்து சாப்பிட்டிருந்தன.

மைத்துனரின் முகம் கேடயத்தின் கண்ணாடியைப் போல வெளிறியது. தன்னை மாட்டிவிட வேண்டாம் என்று கெஞ்சினார். ஃபைல்காரருக்கு நான்காவது பட்டியல் நினைவுக்கு வராமல் இல்லை. குடையும் வந்தது. ஆனால் தன்மேல் விழுந்த கறையைத் துடைக்க இன்னொருவர்மேல் தடவத் தேவையில்லை என்றும் தோன்றியது. நாளையே அந்த எட்டையும் நிறுத்திவிட்டு, கணக்கின் நகலோடு தானே கண்டுபிடித்ததாக மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும்படி சொன்னார். அப்படிச் செய்தால் செலவு நிஜமாகவே குறையும். கேடயத்துக்கும் ஒரு நியாயம் கிடைக்கும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு இன்ஜினியர் டிக்கெட் பிரிவின் எட்டு சர்வர்களையும் நடுத்தரத்துக்கே மாற்றினார். இம்முறை எழுத்தில் கோரிக்கை பெற்றுக்கொண்டு மாற்றினார். நான்காம் நாள் காலை, அந்தப் பெண்ணே தன் பிரிவின் மணிவாரிக் கணக்கை அச்செடுத்து வந்து கொடுத்தார். பத்து மணிவரை முழு வாடகை. அதற்குப் பிறகு எட்டு வரிகளிலும் ‘முன்பதிவில் கழிந்தது’. ஃபைல்காரர் இரண்டுக்கும் நடுவே சிவப்பு மையில், அடிக்கோல் வைத்து, ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டைப் போட அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

விளக்கம் ஒரு பக்கம். இணைப்புகள் நாற்பத்து மூன்று. மேனேஜர் கட்டின் உயரத்தைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றினார். வாயாலேயே சொல்லும்படி கேட்டார்.

“நடுத்தர பஸ்ஸுக்கு பாஸ் எடுத்தோம் சார். மூணாம் நாளே பெரிய பஸ்ல ஏறிட்டோம். கண்டக்டர் டிக்கெட் கேட்டார், குடுத்தோம். சும்மா கெடந்த பாஸை இன்னொரு பிரிவு, ஆளே இல்லாத எட்டு சீட்டுக்குக் காட்டிட்டு வந்திருக்கு.”

மேனேஜர் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். மைத்துனரின் மின்னஞ்சலைப் பார்த்தார். டீ மெஷின் இருந்த திசையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இன்ஜினியர் ஏதோ சொன்னது இப்போது லேசாக நினைவுக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்.

“சரி, மெமோவை விடுங்க. ரத்துன்னு சொல்லிட்டேன்ல.”

“வாயால சொன்னதை நான் எங்க சார் பஞ்ச் பண்றது?”

மேனேஜர் பெருமூச்சு விட்டு இரண்டு வரி தட்டச்சு செய்து கையெழுத்திட்டார். ஃபைல்காரர் அதை வாங்கிப் படித்து, தேதி தவறாக இருப்பதைச் சுட்டிக்காட்டித் திருப்பிக் கொடுத்தார். மறுபடி அச்சானது. இம்முறை மெமோவின் எண் விடுபட்டிருந்தது. மெமோவுக்கே எண் இல்லை என்பது அப்போதுதான் மேனேஜருக்குத் தெரிந்தது. ஒரு எண்ணை உருவாக்கி இரண்டு காகிதங்களிலும் எழுதிக் கொடுத்து, இனி சர்வர் மாற்றம் எதுவானாலும் ஃபைல்காரரிடம் எழுத்தில் தெரிவித்த பிறகே செய்ய வேண்டும் என்று மூன்றாவதாக ஒரு சுற்றறிக்கையும் போட்டார். போகாமல் நிற்கிற மனிதரை அனுப்ப அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் மைத்துனர் மறுபடி வந்தார். இம்முறை கேடயம் இல்லை. பேச்சை எங்கெங்கோ சுற்றிவிட்டு, தன் பிரிவில் உண்மையாகவே இரவுபகலாக ஓடும் சர்வர்கள் மூன்று இருப்பதாகவும், அவற்றுக்கும் மாமா ஒரு பாஸ் எடுத்துத் தந்தால் நன்றாக இருக்கும் என்றும் இழுத்தார்.

ஃபைல்காரர் அலமாரியைத் திறந்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து மைத்துனர் முன்னால் வைத்தார்.

“எழுத்துல குடு மாப்ள. அப்படியே கீழ, குடை எப்ப வரும்னும் ஒரு வரி எழுதிடு.”