இராக்கம்மாவின் ஆத்தாளுக்கு ஒரு பிடி மண்

எங்கள் மலைத்தோட்ட ஊரான கொஸ்லந்தையில் இராக்கம்மாவை உட்கார வைத்தவர் யாரும் கிடையாது. என் கடைக்கு வருவாள், அரிசி கேட்பாள், நான் அளந்து முடிப்பதற்குள் வாசலுக்கும் தெருவுக்குமாக நாலு நடை நடந்துவிடுவாள். "ஒக்காரு புள்ள, பாக்கிற எனக்குத் தலை சுத்துது" என்பேன். "ஒக்காந்தா எந்திரிக்கச் சொல்லுவாங்க ஸமீம் நானா, அதுக்கு நிக்கிறதே மேலு" என்பாள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கடை வாங்குப் பலகையிலிருந்து அவளை யார் எழுப்பப்போகிறார்கள்? ஆனால் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பல பேர் எழுப்பியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோப்பிச் செடியெல்லாம் நோய் விழுந்து செத்து, துரைமார் தேயிலை போட ஆரம்பித்திருந்த காலம். கீழே பழைய வண்டிப்பாதையில் வழிப்போக்கர் தங்கும் அம்பலம் ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இலையில் கொஞ்சம் சோறு. கையில் கறுப்பு மணிச் சரம். பாதையில் வாந்திபேதி பரவியிருந்த நேரம், தாய் அதில் போயிருப்பாள், யாரோ அடக்கம் செய்துவிட்டு அவசரமாகப் போயிருக்கிறார்கள் என்று மட்டும் ஊகிக்க முடிந்தது. எங்கே அடக்கினார்கள் என்று தேடிப் போக அன்றைக்கு யாருக்கும் துணிச்சல் இல்லை.

அப்போதிருந்த கங்காணி பிள்ளையைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். மணியைப் பார்த்ததும், "இது கருகமணி, நானாமாரு வீட்டுப் புள்ள" என்று சொல்லிவிட்டார். எங்கள் முஸ்லிம் பெண்கள் நிக்காஹில் கழுத்தில் கட்டுவது அதுதான், மறுக்க முடியாது. என் வாப்பாவைக் கூப்பிட்டு ஒப்படைத்தார்கள். வாப்பாவும் ஆசையாகத்தான் கொண்டுவந்தார். பிள்ளை நிற்க வேண்டுமே! ஓடி ஓடி லயத்துக்கே போனது. கடைசியில் அங்கேயே விட்டுவிட்டோம். லயத்துக் கிழவிகள் இராக்கம்மா என்று பேர் வைத்தார்கள், ஆளுக்கு ஒரு வேளை கஞ்சி ஊற்றினார்கள். பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த ரெங்கம்மா மட்டும் எப்போதும் இரண்டு கரண்டி கூட ஊற்றுவாளாம்.

கஞ்சி கொடுத்தார்கள், பேர் கொடுத்தார்கள், கொழுந்து எடுக்கக் கூடையும் கொடுத்தார்கள். உறவுமுறை மட்டும் கொடுக்கவில்லை. கல்யாண வீட்டில் அவளுக்குக் கடைசிப் பந்தி. ரெங்கம்மா செத்தபோது அழுதுகொண்டே குழிக்குப் பிடி மண் போடப் போனாள். "நீ எந்த மொறயில போடுற?" என்று கேட்டுத் தள்ளி நிறுத்திவிட்டார்கள். ரெங்கம்மாவின் புருஷன் மாடசாமி பக்கத்தில்தான் நின்றான், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவள் மடுல்சீமைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அங்கேயும் நிலைக்கவில்லை. பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கினாள், அதையும் விட்டாள், திரும்பவும் இங்கே வந்தாள். காலில் சக்கரம் கட்டியவள் என்று ஊர் சிரித்தது. என் பெண்சாதி றஷீனா மட்டும் சிரிக்கமாட்டாள். "அது நம்மட புள்ள. நீங்கதான் பிடிச்சு வைக்கத் தெரியாம விட்டீங்க" என்று என்னைத்தான் குத்துவாள்.

இராக்கம்மா திரும்பி வந்ததற்குக் காரணம் முருகையா. தேயிலைச் செடியைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிடும் வேலைக்காரன். அவள் கடைக்கு வரும் நேரம் பார்த்து அவனுக்கும் புகையிலை தீர்ந்துபோகும். இரண்டு பேருக்கும் முப்பது தாண்டிவிட்டது. இனி எதற்கு ஒளிவுமறைவு என்று முருகையா தன் அண்ணன் நல்லையாவிடம் நேராகவே கேட்டுவிட்டான். நல்லையாதான் இப்போது கங்காணி.

நல்லையாவைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பிடிவாதக்காரர், அவ்வளவுதான். "பொண்ணு கேக்கப் போனா வெத்தல பாக்க யார் முன்னால வைக்கிறது? அவளுக்கு வீடு இருக்கா, வாசல் இருக்கா?" என்றார். "அவ ஆத்தா எந்தச் சனமுன்னு ஒரு சொல்லு தெரியட்டும். நம்ம சனமுன்னா நாளைக்கே முடிச்சு வைக்கிறேன். நானாமாரு சனமுன்னா நீ அவளப் பாக்கவே கூடாது." முப்பது வருஷமாக ஊருக்கே தெரியாததைத் தம்பி எங்கே போய்த் தெரிந்துகொள்வான்? இராக்கம்மா அந்த மாதம் முழுக்கச் சாப்பாட்டைக்கூட நின்றபடியே சாப்பிட்டாள். மறுபடி கிளம்பிவிடுவாள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

இந்த நேரத்தில்தான் எலும்புத் துரை வந்து சேர்ந்தார். ஜெர்மன் சண்டைக்கு முந்திய வருஷம். பேர் வேறு ஏதோ, லயத்தில் வைத்த பேர் இது. ஒரு காலத்தில் தோட்டத்துரையாக இருந்தவர், பிறகு பழைய புதைகுழிகளைத் தோண்டிப் பார்க்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. பானையையும் மணியையும் பார்த்து, அந்தக் காலத்தில் இங்கே இருந்தது இன்ன சனம் என்று எழுதுவாராம். அம்பலத்துக்குக் கீழே சரிவில் கல் குவியல் ஒன்று கிடப்பதை நல்லையா காட்டினார். துரை அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ரொம்பப் பழசு என்று முடிவு கட்டினார். தோண்டுவதற்கு முருகையாவும் இன்னும் சிலரும். மண் சுமக்க இராக்கம்மா. தண்ணீர் கொடுக்கக் கிழவன் மாடசாமி. கடையை றஷீனாவிடம் விட்டுவிட்டு நானும் போனேன். ஊரே போகும்போது எனக்கு மட்டும் என்ன கேடு?

கல்லை அகற்றி இடுப்பளவு இறங்கியதும் எலும்பு தெரிந்தது. துரை எல்லோரையும் நிறுத்திவிட்டுத் தானே இறங்கிச் சின்னத் தூரிகையால் மண்ணைத் தள்ளினார். கழுத்துப் பக்கம் வரிசையாகக் கறுப்பு மணிகள் வந்தன. துரை ஒன்றை எடுத்து நீட்டினார். கறுப்பின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

இராக்கம்மாவின் கூடை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் சின்ன வயது மணிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். அதை அவிழ்த்துத் துரையிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடி வைத்து இரண்டையும் பார்த்தார், எங்களையும் பார்க்கச் சொன்னார். அதே மணி, அதே கோடு. பழசு என்று துரை சொன்ன குழியில் கிடந்தவள் இராக்கம்மாவின் தாய்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த மனுஷியின் எலும்பை வைத்துக்கொண்டு நாங்கள் சந்தையில் பேரம் பேசுவதைப்போலப் பேசினோம். முதலில் வாயைத் திறந்தவன் நான். உடம்பு வலப்பக்கமாகச் சாய்ந்து, முகம் நாங்கள் தொழும் மேற்குத் திசையைப் பார்த்திருந்தது. எங்கள் மையித்தை அப்படித்தான் வைப்போம். "மணியும் இருக்கு, முகமும் கிப்லாப் பக்கம் இருக்கு. இனி என்ன வேணும்? எங்கட ஆளுதான்" என்றேன். நல்லையா தம்பியைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியா?" என்றார். முருகையாவின் முகம் செத்துவிட்டது.

துரை கைப்பக்கம் மண்ணைத் தள்ளினார். மணிக்கட்டு எலும்பில் சிவப்புக் கண்ணாடி வளையல்கள், உடையாமல். தலைமாட்டில் மண் அகல் விளக்கு. திரும்பிப் போகக் கிளம்பியிருந்த நல்லையா நின்றார். "சுமங்கலிக்கு வளையல் போட்டு விளக்கு வச்சு அனுப்புறது நம்ம வழக்கமாச்சே" என்றார். நான் விடுவேனா? விளக்கு யார் வீட்டில்தான் இல்லை என்று மல்லுக்கு நின்றேன். அதற்குள் இடுப்புப் பக்கத்தில் சங்கிலி கோத்த பித்தளைச் சுண்ணாம்புச் சிமிழ் ஒன்று வந்தது. கிராமத்துச் சிங்களவர் இடுப்பில் செருகிக்கொள்வது. இப்போது மூன்று சனத்து அடையாளமும் ஒரே குழியில் கிடந்தது.

இராக்கம்மா குழியின் விளிம்பில் அங்கும் இங்கும் நடந்தாள். அவள் காலடி மண் பொலபொலவென்று உள்ளே விழுந்தது. "விளிம்புல நடக்காத" என்று முருகையா கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. துரைக்கு எதிரே வந்து நின்று, "தொரை, நீங்க படிச்சவுங்க. எங்க ஆத்தா எந்தச் சனம்?" என்றாள்.

துரை கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார். தோட்டத்தில் பழகிய தமிழில் மெதுவாகச் சொன்னார். "செத்தவ தானாப் போய்ப் படுக்கிறது இல்ல. யாரோ படுக்க வச்சது. இந்தச் சாமான் வச்சவன் யாருன்னு சொல்லும். படுத்தவ யாருன்னு சொல்லாது." முன்பெல்லாம் பானையைப் பார்த்துச் சனத்தின் பேரை எழுதிவிடுவாராம், இப்போது எழுதக் கை வருவதில்லையாம். இந்தக் குழியைப் பழசு என்று நினைத்தது தன் தப்பு என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்லவா இத்தனை மண்ணைக் கிளறினாய் என்று கேட்க வாய் வந்துவிட்டது.

இராக்கம்மா கோபப்படவில்லை. "அப்ப வச்சது யாரு?" என்றாள்.

"வளையலு ரெங்கம்மாவோடது."

சொன்னவன் மாடசாமி. மரத்தடியிலிருந்து எழுந்து தண்ணீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவனும் ரெங்கம்மாவும் புதிதாக வேலை தேடி அந்தப் பாதையில் வந்திருக்கிறார்கள். அம்பலத்தில் ஒருத்தி உயிர் போகும் தறுவாயில் பிள்ளையோடு கிடந்தாள். அந்த வழியாகப் பொதிமாடு ஓட்டிவந்த நானா ஒருவரும் நின்றார்.

"குழி வெட்டுனது அந்த நானாதான்" என்றான் மாடசாமி. "அவருக்குத் தெரிஞ்ச மாதிரி மேற்கப் பாக்கப் படுக்க வச்சாரு. வெறுங்கையோட போகக்கூடாதுன்னு ரெங்கம்மா தன் வளையலக் கழட்டிப் போட்டா, வெளக்கு வச்சா. கழுத்தும் வெறுங்கழுத்தா இருந்துச்சு. நானா தன் சம்சாரத்துக்கு வாங்கிட்டுப் போன மணிய எடுத்துப் போட்டாரு, மிச்சத்தப் புள்ள கையில கட்டுனாரு. மம்பட்டி கொடுத்தது ஊருக்காரச் சிங்கள ஐயா. அவருகிட்ட வேற ஒண்ணும் இல்ல, இடுப்புல இருந்த சிமிழ வச்சிட்டுப் போனாரு."

முப்பது வருஷம் ஊர் அவளைப் படித்தது அந்த மணியை வைத்துத்தான். அதுவும் தாயுடையது இல்லை என்றாகிவிட்டது.

"ஏன் சொல்லல?" என்று இராக்கம்மா கேட்டாள். "பக்கத்துக் காம்பராவுலதான இருந்த? ரெங்கம்மாவுக்கு மண்ணு போட விடாம என்னத் தள்ளுனப்பவும் பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

"பொணத்தத் தொட்டவன்னு தெரிஞ்சா தோட்டத்துல ஏத்த மாட்டாங்க தாயி, நோய்க் கொட்டாயில போட்டுருவாங்க. புள்ளயத் தூக்கியாந்தா மாட்டிக்குவோமுன்னு சோத்த வச்சிட்டு வந்துட்டோம். அப்பறம் சொல்ல மொகம் இல்ல."

"எந்த ஊரு, எந்தச் சனமுன்னு ஆத்தா ஏதாச்சும் சொல்லுச்சா?"

"பேச்சு நின்னு போச்சு. ஒன்னத்தான் கையால காட்டிக்கிட்டே இருந்துச்சு."

அவள் அழுதாள். ரெங்கம்மாவின் அந்த இரண்டு கரண்டி கஞ்சியும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேற்கே திரும்பிய அந்த முகத்தைக் காட்டி எங்கட ஆளு என்று கத்தினேனே. அது அந்தப் பொதிமாட்டு நானாவின் கைவேலை. அவர் பேர்கூட யாருக்கும் தெரியாது.

எடுத்த சாமான் ஒன்றையும் துரை தன் பெட்டியில் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்தார். இனி யாராவது தோண்டினால் இது முன்பே திறந்த குழி என்று தெரியட்டும் என்று அந்த வருஷத்துச் செப்புக்காசு ஒன்றையும் ஓரத்தில் போட்டார். ஆட்கள் மம்பட்டியைத் தூக்கினார்கள்.

"இருங்க" என்றாள் இராக்கம்மா. குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். இந்தத் தடவை எந்த முறை என்று கேட்க யாருக்கும் நாக்கு எழவில்லை.

முருகையா தன் மம்பட்டியைத் தூக்கி எறிந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்று, அவனும் கையால் மண்ணை அள்ளினான். கூலிக்கு மூடுகிறவன் மம்பட்டியால் தள்ளுவான், கையால் போடுவது உறவுக்காரன். நல்லையாவுக்கு அது தெரியாதா?

"டேய், எந்த மொறயில போடுற?" என்றார்.

"மருமகன் மொறயில" என்று சொல்லிவிட்டு முருகையா கையைத் திறந்தான்.

மண் விழுந்தது. விழுந்ததை இனி யார் எடுப்பது? மாடசாமி வந்து போட்டான். பேர் தெரியாத அந்த நானாவுக்காக நானும் போட்டேன். நல்லையா மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். குழி மூடிக் கல்லையும் பழையபடி அடுக்கியாயிற்று, அவர் நகரவில்லை.

இராக்கம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கங்காணி ஐயா, எங்க ஆத்தா எந்தச் சனமுன்னு இனி யாருக்கும் தெரியப் போறதில்ல" என்றாள். "பொண்ணு கேட்டு வர வீடு எங்கன்னு கேட்டீங்களாம். எங்க ஆத்தா இங்கதான் இருக்கு. வந்து கேளுங்க." சொல்லிவிட்டு அந்தக் கல் குவியலுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. நல்லையா கல்லைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நானா, கடையில வாடாத வெத்தல இருக்கா?" என்று கேட்டார்.